மைனஸ் ஒன்று 255 ஆனபோது



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பெரிய தலைப்பாக எடுத்துக்கொள்வதே வழக்கம். நான் ஒரே ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த எண் மைனஸ் ஒன்று. சில கணினிகளில் அது மைனஸ் ஒன்றாகவே இருந்தது. வேறு சில கணினிகளில், நிரலை எழுதியவருக்கே தெரியாமல், 255 ஆக மாறிக்கொண்டிருந்தது. 2016-இல் ஒரு கம்பைலரின் புதிய பதிப்பு வந்த பிறகுதான் பலருக்கு இது தெரிய வந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பைலரைப் புதுப்பித்த பிறகு ஒரு லைப்ரரி குறிப்பிட்ட சில புராசசர்களில் மட்டும் பில்ட் ஆக மறுக்கிறது என்றால், நாம் உடனே கம்பைலரைத் திட்டுகிறோம். இல்லாவிட்டால் அந்தப் புராசசரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் இரண்டின் மேலும் குற்றம் இல்லை. அந்தப் புராசசரில் அந்த லைப்ரரி முன்பே தவறாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் யாரோ வாய் திறந்து சொல்கிறார்கள். சொல்பவரின் வாயை அடைப்பது நம் வேலையல்ல.

ஓர் அட்டவணை

கணினித் துறை சாராதவர்களும் அவையில் இருக்கிறீர்கள். ஆகவே இரண்டு வரி முன்னுரை. நிரலர் எழுதும் மூல நிரலைப் புராசசருக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். பலரும் தங்கள் நிரல்களில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பொது நிரல் தொகுதி லைப்ரரி. ஒரே மூல நிரலை இன்டெல் புராசசருக்கும் கம்பைல் செய்யலாம், கைப்பேசியில் உள்ள ஆர்ம் புராசசருக்கும் கம்பைல் செய்யலாம், ஐபிஎம் மெயின்ஃபிரேமுக்கும் கம்பைல் செய்யலாம். சி, சி++ மொழிகள் தந்த பெரிய வாக்குறுதி அது.

இனி ஒரு சின்ன லைப்ரரியைத் திறந்து பார்ப்போம். மின்னஞ்சலில் நாம் இணைத்து அனுப்பும் படமும் ஆவணமும் பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டுப் போகின்றன. மறுமுனையில் அந்த எழுத்துகளை மீண்டும் பைட்டுகளாக மாற்ற வேண்டும். இதற்கு நிரலர்கள் வழக்கமாக 256 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணை போடுவார்கள். வரக்கூடிய ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் இடம். பேஸ்64-இல் செல்லுபடியாகும் எழுத்துகள் 64. அவற்றுக்கு 0 முதல் 63 வரை மதிப்பு. மீதி 192 இடங்களிலும் மைனஸ் ஒன்று, அதாவது 'இது செல்லாத எழுத்து, நிராகரி' என்ற குறி. மதிப்புகள் எல்லாம் சிறியவை என்பதால் அட்டவணையின் வகையை 'சார்' என்று குறித்துவிடுவார்கள். ஓர் இடத்துக்கு ஒரு பைட், நினைவகம் மிச்சம். எந்தப் பாடநூலிலும் இருக்கக்கூடிய, பார்த்தால் குறை தெரியாத நிரல் இது.

2016 ஏப்ரலில் ஜிசிசி என்ற கம்பைலரின் 6.1 பதிப்பு வெளியானது. அதுவரை ஜிசிசி, சி++ நிரல் எதையும் 1998-இன் தரநிலைப்படியே இயல்பாக வாசித்து வந்தது. ஆறாம் பதிப்பில் அந்த இயல்பு 2014-இன் தரநிலைக்கு மாறியது. இடையில், 2011-இல், மொழியில் ஒரு விதி சேர்ந்திருந்தது: அடைப்புக்குள் மதிப்புகளை வரிசையாகக் கொடுத்து ஒன்றைத் தொடங்கும்போது, கொடுத்த மதிப்பு அந்த வகைக்குள் அடங்காவிட்டால் அது பிழை.

டெபியன் லினக்ஸின் 9-ஆம் பதிப்பு இந்த ஜிசிசி 6-ஐக் கொண்டு தயாராகி 2017 ஜூனில் வெளிவந்தது. அது பத்து புராசசர் வகைகளுக்கு வந்தது. நம் அட்டவணை அந்தப் பத்தில் என்ன ஆகும்? இன்டெல், ஏஎம்டி வகைகள் இரண்டு, மிப்ஸ் வகைகள் மூன்று. இந்த ஐந்திலும் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் பில்ட் ஆகும். ஆர்ம் வகைகள் மூன்று, பவர்பிசி ஒன்று, ஐபிஎம்மின் எஸ்390எக்ஸ் ஒன்று; இந்த ஐந்திலும் நின்றுவிடும். 'மைனஸ் ஒன்றை இன்ட் என்ற முழுஎண் வகையிலிருந்து சாருக்குள் திணிக்கிறாய், அடங்காது' என்பதுதான் பிழைச்செய்தியின் பொருள்.

காரணம் எளிது. ஒரு பைட்டில் எட்டு பிட். அந்த எட்டை −128 முதல் 127 வரை என்றும் வாசிக்கலாம், 0 முதல் 255 வரை என்றும் வாசிக்கலாம். 'சார்' என்று மட்டும் எழுதினால் எந்த வாசிப்பு என்பதை மொழி சொல்வதில்லை. முதல் ஐந்தில் மைனஸ் உண்டு. அடுத்த ஐந்தில் கிடையாது.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். ஜிசிசி 5-இல் இதே நிரல் ஆர்மில் பில்ட் ஆனதே, அப்போது என்ன நடந்தது? கம்பைலர் மைனஸ் ஒன்றை வாங்கி, மறுபேச்சில்லாமல் 255 என்று எழுதி வைத்தது. நிரல் ஓடும்போது 'அட்டவணையில் இருப்பது மைனஸ் ஒன்றா?' என்று கேட்கும். 255-உம் மைனஸ் ஒன்றும் சமமல்ல. ஆகவே 'இல்லை' என்று பதில் வரும். 'பூஜ்யத்தைவிடச் சிறியதா?' என்று கேட்டாலும் 'இல்லை' தான். செல்லாத எழுத்து என்று நிராகரிக்க வேண்டிய 192 வகைக் குப்பையும் நல்ல எழுத்தாக உள்ளே போகும். சரியான உள்ளீட்டை மட்டும் கொடுத்துச் சோதித்தால் எல்லாச் சோதனையும் தேறும். வாயிற்காவலர் இருக்கிறார், யாரையும் நிறுத்துவதில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

ஆக, ஜிசிசி 6 எதையும் உடைக்கவில்லை. அதற்கு முன்பே அந்த ஐந்து புராசசர்களிலும் நிரல் கெட்டிருந்தது. பில்ட் தோற்ற நாள்தான் உண்மை வெளிவந்த நாள்.

இரண்டு வழக்கம் வந்த வழி

ஒரே மொழிக்குள் இப்படி இரண்டு வழக்கம் ஏன்? 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை வளர்த்தெடுத்தது பிடிபி-11 என்ற கணினியில். அந்தக் கணினி ஒரு பைட்டைப் பதிவகத்துக்குள் ஏற்றும்போது, முதல் பிட்டைக் குறியாகக் கருதி நீட்டித்துக்கொள்ளும். அங்கே மைனஸ் உள்ள சார்தான் இலவசமாகக் கிடைத்தது. மற்றது வேண்டுமென்றால் கூடுதல் கட்டளை.

ஐபிஎம் 370-இன் நிலை வேறு. அதன் எழுத்துக் குறிமுறையான எப்சிடிக்கில் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களின் குறியெண்கள் 240 முதல் 249 வரை. ஆங்கில எழுத்துகளும் 128-க்கு மேலேதான். மைனஸ் உள்ள சார் வைத்தால் எழுத்தும் இலக்கமும் எதிர்மமாகிவிடும். ஆகவே அங்கே மைனஸ் இல்லை. அந்த வம்சத்தில் வந்த எஸ்390எக்ஸ் இன்று லினக்ஸ் ஓட்டும்போது எப்சிடிக் தேவைப்படாவிட்டாலும் பழைய வழக்கத்தையே வைத்திருக்கிறது. ஆர்மின் தொடக்ககாலப் புராசசர்களிலோ ஒரு பைட்டைக் குறியோடு ஏற்றும் கட்டளையே கிடையாது. நான்காம் கட்டமைப்பில்தான் அது சேர்ந்தது. அதற்குள் மைனஸ் இல்லாத சார் அங்கே வேரூன்றிவிட்டது.

1989-இல் அமெரிக்கத் தரநிலைக் குழு சி மொழிக்கு விதி வகுத்தபோது இரண்டு தரப்பிலும் ஏற்கெனவே நிரல்கள் குவிந்திருந்தன. யாரையும் பகைக்காமல், 'அந்தந்தக் கம்பைலரின் விருப்பம்' என்று விட்டுவிட்டார்கள். 'ஒரு படி அரிசி தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பட்டணம் படியா உள்ளூர்ப் படியா என்று எழுதாமல் விட்ட ஒப்பந்தம் அது. ஊருக்குள்ளேயே அளக்கும்வரை வழக்கு வராது.

அகரத்தின் மூன்று பைட்டுகள்

'இது மெயின்ஃபிரேம்காரர்களின் தலைவலி, நமக்கென்ன?' என்று கேட்கலாம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு.

'அ' என்ற எழுத்து யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது: 224, 174, 133. ஆர்ம் லினக்ஸில் சார் வகையில் வாசித்தால் இதே எண்கள் வரும். இன்டெல் லினக்ஸில் வாசித்தால் −32, −82, −123. ஆங்கிலப் பெரிய எழுத்தான 'ஏ'-யின் குறியெண் 65. அது இரண்டிலும் 65 தான். ஆங்கில உரையை மட்டும் கொடுத்து ஆயிரம் முறை சோதித்தாலும் இந்த வேறுபாடு தலைகாட்டாது. தமிழில் ஒரே ஓர் எழுத்து உள்ளே போனால் போதும்.

'பைட் 224 என்றால் மூன்று பைட் எழுத்து தொடங்குகிறது' என்று ஒருவர் நேரடியாக ஒப்பிட்டு எழுதினால், இன்டெல் கணினியில் அந்த நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது. 'பூஜ்யத்தைவிடச் சிறியது என்றால் ஆங்கிலமல்லாத எழுத்து' என்று இன்னொருவர் குறுக்குவழியில் எழுதினால், அது இன்டெலில் சரியாக ஓடும். ஆர்மில் தமிழ் எழுத்தையெல்லாம் ஆங்கிலமென்றே எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துக் கருவிகள், சொல்திருத்திகள், தேடல் லைப்ரரிகள் எழுதுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். மடிக்கணினியில் இன்டெல், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஆர்ம் என்று ஒரே ஆள் இரண்டு வழக்கங்களுக்கும் நடுவில் வாழ்கிற காலம் இது.

மருந்து என்ற பெயரில்

பில்ட் தோற்றதும் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். முதல் வழி, மதிப்பு வகைக்குள் அடங்குகிறதா என்ற சோதனையையே நிறுத்தும் தெரிவைக் கம்பைலருக்குக் கொடுப்பது. பில்ட் ஆகிவிடும். 255 அப்படியே இருக்கும்.

இரண்டாம் வழி, மைனஸ் ஒன்றுக்கு முன்னால் 'இதைச் சாராக மாற்று' என்று வெளிப்படையாக எழுதுவது. பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கும்; நிரலர் யோசித்துத்தான் செய்திருக்கிறார் என்ற தோற்றமும் தரும். ஆனால் பிழைச்செய்தி மட்டுமே போகும், பிழை போகாது. என் கணக்கில் இதுவே மிக மோசமான வழி. அடுத்து வருகிறவருக்கு எச்சரிக்கைகூட மிஞ்சாது.

மூன்றாம் வழி, எல்லாப் புராசசரிலும் மைனஸ் உள்ள சாரையே கொள்ளும்படி கம்பைலருக்குச் சொல்வது. லைப்ரரிக்குள் இது வேலை செய்யும். ஆனால் லைப்ரரியின் ஹெடர் கோப்புகள் பிறருடைய நிரல்களுக்குள்ளும் போய்க் கம்பைல் ஆகும். அவர்கள் அந்தத் தெரிவைக் கொடுத்திருக்க மாட்டார்கள். லைப்ரரி ஒருவிதமாகவும் அதைப் பயன்படுத்தும் நிரல் வேறுவிதமாகவும் ஒரே பைட்டை வாசிக்கும். தன் மூல நிரல் முழுவதும் தன் கையிலேயே இருக்கும் திட்டத்துக்கு இது பொருந்தும். லினக்ஸ் கெர்னல் 2023-இல் வந்த 6.2-ஆம் பதிப்பிலிருந்து எல்லாப் புராசசரிலும் ஒரே வழக்கம் என்று முடிவெடுத்தது. அதிலும் அது தேர்ந்தது மைனஸ் இல்லாத சாரை.

நான்காம் வழி, தோற்ற புராசசர்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவது. இது பிரச்சினை சொன்னவரை வெளியே அனுப்பும் வழி.

சரியான மருந்து ஒரே சொல். 'சார்' என்ற இடத்தில் 'சைன்டு சார்' என்று எழுத வேண்டும். அல்லது எட்டு பிட் முழுஎண்ணுக்கென்றே உள்ள வகையை எழுத வேண்டும். பத்து புராசசர் வகைகளிலும் மைனஸ் ஒன்று மைனஸ் ஒன்றாகவே இருக்கும். கூடவே செல்லாத உள்ளீட்டை நிராகரிக்கிறதா என்று ஒரு சோதனையும் சேர்க்க வேண்டும். முன்பே அந்தச் சோதனை இருந்திருந்தால் ஜிசிசி 6 வரை காத்திருக்க நேர்ந்திராது.

இதே குடும்பத்தில் இன்னும் சில

2024 மே மாதம் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத ஒரு சார்பை அழைத்தால் பிழை என்றது. பழைய சி மொழியில் அப்படி அழைத்தால் அது முழுஎண் ஒன்றைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் தானாகவே வைத்துக்கொள்ளும். 32-பிட் கணினியில் முழுஎண்ணும் நினைவக முகவரியும் ஒரே அளவு, தப்பித்துவிடலாம். 64-பிட்டில் முகவரியின் மேல்பாதி வெட்டுப்படும். முகவரி முதல் 2 ஜிபிக்குள் விழும்வரை நிரல் ஓடும், தாண்டினால் சாயும். மொழித் தரநிலை இந்தச் சலுகையை 1999-இலேயே நீக்கிவிட்டது. கம்பைலர் 25 ஆண்டுகள் அதை விட்டு வைத்திருந்தது.

இதில் என் வாதத்துக்கு எதிரான ஒன்றும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. பல பழைய லைப்ரரிகள் பில்டுக்கு முன்னால் சின்னச் சின்ன நிரல்களைக் கம்பைல் செய்து பார்த்து, 'இந்த வசதி இந்தக் கணினியில் உண்டா' என்று தெரிந்துகொள்ளும். அந்தச் சின்ன நிரலே பழைய பாணியில் எழுதப்பட்டிருந்தால், புதிய கம்பைலர் அதைத் தள்ளிவிடும். உடனே லைப்ரரி 'வசதி இல்லை' என்று முடிவு செய்து, அந்த வசதி இல்லாமலேயே பில்ட் ஆகிவிடும். இங்கே புதுப்பிப்பே சத்தமில்லாமல் கெடுக்கிறது. பில்ட் ஆனதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எதை விட்டுவிட்டு ஆனது என்றும் பார்க்க வேண்டும்.

தசம எண் கணக்கு வேறு வகை. பெருக்கிக் கூட்டுவதை ஒரே கட்டளையில், ஒரே முறை மட்டும் முழுமையாக்கிச் செய்யும் வசதி 64-பிட் ஆர்மிலும் பவர்பிசியிலும் எஸ்390எக்ஸிலும் அடிப்படையிலேயே உண்டு. 64-பிட் இன்டெலின் அடிப்படைக் கட்டளைகளில் அது இல்லை. 2022-இல் வந்த கிளாங் கம்பைலரின் 14-ஆம் பதிப்பு அந்தக் கட்டளையை இயல்பாகவே பயன்படுத்தத் தொடங்கியது. விளைவு: ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அதே எண்ணின் வர்க்கத்தைக் கழித்தால் இன்டெலில் பூஜ்யம், ஆர்மில் மிகச் சிறிய வேறொரு எண் வரக்கூடும். ஒரு பக்கம் முழுமையாக்கப்பட்டது, மறுபக்கம் ஆக்கப்படாதது. அந்தச் சிறிய எண் எதிர்மமாக இருந்து, அடுத்த வரியில் வர்க்கமூலம் எடுத்தால் கணக்கே கவிழும். இங்கே கம்பைலரும் புராசசரும் தங்கள் விதிப்படியே நடந்தன. கடைசி இலக்கம்வரை ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த சோதனையைத்தான் திருத்த வேண்டும்.

யார் சுமப்பது?

டெபியனில் ஒரு விதி உண்டு. ஒரு தொகுப்பு முன்பு எந்தெந்தப் புராசசர்களில் பில்ட் ஆனதோ, அவற்றில் எல்லாம் புதிய பதிப்பும் பில்ட் ஆனால்தான் அடுத்த கட்டத்துக்கு நகரும். எஸ்390எக்ஸில் ஒரு பில்ட் தோற்றால் உலகம் முழுவதும் உள்ள மடிக்கணினிக்காரர்களும் காத்திருக்க வேண்டும். 'பத்து பேருக்காக நாங்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?' என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். லைப்ரரிகளில் பலவற்றை ஓரிருவர் சம்பளமில்லாமல் பராமரிக்கிறார்கள். மெயின்ஃபிரேமைக் கண்ணால் பார்த்திராதவரிடம் அதில் வந்த பிழையைத் திருத்து என்பது கடுமை. 2021 பிப்ரவரியில் பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி தன் ஒரு பகுதியை ரஸ்ட் மொழிக்கு மாற்றியபோது, ரஸ்ட் கம்பைலர் இல்லாத ஆல்ஃபா, பிஏ-ரிஸ்க் போன்ற பழைய புராசசர்களில் அது பில்ட் ஆகாமல் போய்ப் பெரிய வாக்குவாதம் நடந்தது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் அது. உற்பத்தி நின்று பல ஆண்டான புராசசருக்காக அதைக் கைவிட வேண்டியதில்லை என்று பராமரிப்பாளர்கள் நினைத்ததை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் எந்தப் புராசசர் சிறுபான்மை என்பது நிலையான கணக்கல்ல. 64-பிட் ஆர்ம் டெபியனில் அதிகாரபூர்வமாக இடம்பிடித்தது 2015-இல். அன்றைக்கு 'யார் இதில் லினக்ஸ் ஓட்டப் போகிறார்கள்' என்று அலட்சியம் செய்தவர்கள், 2018-இல் அமேசான் தன் கிளவுடில் கிராவிட்டான் புராசசரைக் கொண்டுவந்தபோதும், 2020-இல் ஆப்பிள் எம்1 வந்தபோதும் ஓடிவந்து நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் ரிஸ்க்-ஃபைவ் முதன்முறையாக அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்ந்தது. மிப்ஸ் பட்டியலில் இல்லை.

ரிஸ்க்-ஃபைவ் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. சென்னை ஐஐடியின் சக்தி புராசசர் திட்டம் அந்தக் கட்டமைப்பில் அமைந்தது. 2018-இலேயே அதன் சிப்பில் லினக்ஸ் ஓடியது. ரிஸ்க்-ஃபைவின் விதிப்படி சாருக்கு மைனஸ் கிடையாது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் இன்டெல் மடிக்கணினியில் எழுதிப் பழகும் நிரல், நாளை நம் நாட்டுப் புராசசரில் ஏறும்போது அந்த 255 காத்திருக்கும்.

மாணவர்களுக்கு

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. எண்ணைச் சேமிக்கச் சார் என்று மட்டும் எழுதாதீர்கள்; மைனஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை எழுதுங்கள். ஆர்ம் கணினி கையில் இல்லாவிட்டாலும், சாருக்கு மைனஸ் வேண்டாம் என்று சொல்லும் தெரிவு ஜிசிசியிலேயே இருக்கிறது. அதைக் கொடுத்து உங்கள் மடிக்கணினியிலேயே இரண்டாம் முறை பில்ட் செய்து பாருங்கள். ஒரு பைசா செலவில்லை. கியூஎமு என்ற இலவசப் போன்மி மென்பொருளில் எஸ்390எக்ஸுக்கான நிரலைக்கூட ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் சோதனைகளில் ஒரு வரியாவது தமிழ் உரை இருக்கட்டும். பிறருடைய லைப்ரரியில் பிழை கண்டால், எந்தப் புராசசர், எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்பதைச் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் திருத்தத்தையும் அனுப்புங்கள். சம்பளமில்லாமல் உழைப்பவருக்குக் குறை மட்டும் சொல்லி அனுப்புவது அழகல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிழைச்செய்தியை அடக்கும் தெரிவைச் சேர்க்கப் போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் புராசசரில் இந்த நிரல் நேற்றுவரை சரியாக ஓடியதா, அல்லது ஓடியதாக நினைத்தோமா? பதில் தெரியும்வரை அந்தத் தெரிவைச் சேர்க்காதீர்கள்.